தேதித் தாளின் பின்புறம்

சிவகாசியில் அச்சுத் தொழிலை நம்பி ஜீவனம் செய்கிறவர்களுக்குப் புது வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை, சித்திரையிலும் பிறப்பதில்லை. ஆடிப் பெருக்கன்று, அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை சுவாமி படத்தின் முன் வைத்துப் பூஜை போட்டு, ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகளின் கையில் கொடுக்கிறார்களே, அன்றைக்கே அது பிறந்துவிடுகிறது. அந்த ஊர் அச்சகம் ஒன்றில் தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்க்கிறவனாக நான் பல வருஷம் இருந்தேன். ஐப்பசி மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, வரப்போகும் வைகாசியின் முகூர்த்த நாட்களையும், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் முதலியவற்றையும், ஜோசியர் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதே என் உத்தியோகம். ஒரு நட்சத்திரம் பிசகினாலும் போதும். அந்தப் பிசகு ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயரையோ ஜவுளிக் கடையின் பெயரையோ தாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான வீட்டுச் சுவர்களில் வருஷம் முழுவதும் ஆணியில் தொங்கும். இவ்வாறு முன்கூட்டியே வாசித்து முடித்துவிட்ட நாட்களுக்குள், பிறகு ஒரு நாள் போய் நாமே வாழ்வதென்பது விசித்திரமான அனுபவம். வருகிற திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் எனக்கு மறுபதிப்பாகவே தோன்றின.

1985 ஆம் வருஷம் பிறக்கும்போது, நாளுக்கு ஒரு புகைப்படம் எடுப்பது, அந்தப் படத்தைப் பற்றி அன்றிரவே ஒரு பக்கம் எழுதுவது என்று நான் செய்துகொண்ட சங்கல்பத்துக்கு இந்த அலுப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் காலண்டரின் வடிவமே. சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்த கதை யாவரும் அறிந்தது: ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி 1923 இல் இங்கே அதைத் தொடங்கினார்கள், தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வந்தது, அச்சகம் வந்தபின் லேபிளோடு நிற்குமா? கோவில்பட்டியில் ஸ்ரீதேவி ஆர்ட் ஸ்டூடியோ வைத்திருந்த கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லக்ஷ்மியும் மீனாட்சி கல்யாணமும் இந்த ஊர்க் கற்களிலும் தகடுகளிலும் ஏறித்தான் தமிழ்நாட்டின் பூஜை அறைகளுக்குப் போனார்கள். மேலே அந்தப் படம் ஒன்று, கீழே தேதித் தாள் முந்நூற்று அறுபத்தைந்து. தாள் தினம் ஒன்று கிழிகிறது, படம் மட்டும் வருஷம் பூராவும் அதே படம். தாளுக்கு ஒரு படம் இருந்தால் என்ன என்று, புரூஃப் பார்க்கிற மேஜையில் ஒரு மத்தியானம் தோன்றியது, தோன்றியது விடவில்லை.

என்னிடம் இருந்த காமிரா, பரோடாவில் உற்பத்தியான ஆக்ஃபா கிளிக்-3. என் மைத்துனர் மாற்றலாகி வடக்கே போகும்போது விட்டுப் போனது. அதில் திருகவோ கணக்குப் பார்க்கவோ அதிகம் கிடையாது. வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை, அவ்வளவுதான். முதுகில் ஒரு சிறிய சிவப்புக் கண்ணாடி உண்டு; ஃபிலிமைச் சுற்றும்போது அதன் வழியே எண் தெரியும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் அரசாங்கத்தார் நடத்திய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ சுருள் நான் குடியிருந்த விருதுநகரில் சுலபமாகக் கிடைத்தது. நாளுக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு நாளுக்கு ஒரு சுருள், மாதத்துக்கு இரண்டரை. இந்தக் கணக்கை என் மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவைதான அமுக்குவீங்க?”

“ஒரே தடவை.”

“அது சரியா விழலன்னா?”

“அன்றைக்கு அதுதான் படம்.”

“அப்ப சரி. ரெண்டாந்தடவை அமுக்குனா பால் காசுல கை வைக்கணும்” என்றாள். கலையைப் பற்றி எனக்குக் கிடைத்த விதிகளில் இதைக் காட்டிலும் பிரயோஜனமான விதியை நான் பின்னர் எந்தப் புஸ்தகத்திலும் வாசித்ததில்லை.

பெரிதாக்கிப் போடும் பிரிண்டுக்குக் காசு ஏது? ஸ்டூடியோ அண்ணாச்சி இருட்டறையில் நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்து அழுத்தி, அதே இரண்டேகால் அங்குலச் சதுரத்தில் அச்செடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தச் சதுரத்தை, அன்றைய தேதித் தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அதன் வெற்றுப் பின்புறத்தில் அச்சகத்து மைதாப் பசையால் ஒட்டுவேன். படம் கைக்கு வருவதற்குள் இரண்டு வாரம் ஆகிவிடும். ஆகவே இரவில் எழுதும்போது படம் எப்படி விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கண்டதை எழுதுவேன், காமிரா கண்டது பிறகு வந்து பக்கத்தில் உட்காரும். இரண்டும் ஒத்துப்போன நாட்களைவிட ஒத்துப்போகாத நாட்களே வாசிக்க ருசியாக இருக்கின்றன.

விருதுநகர்க்காரனுக்குப் படமெடுக்க விஷயப் பஞ்சம் கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். 1903 இல் காமராஜர் பிறந்த வீடு இருக்கிறது. அவர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை இருக்கிறது. சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து 1956 இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்த தேசபந்து மைதானம் இருக்கிறது. எழுபத்தாறு நாள் அன்னம் தொடாமல் அந்த அக்டோபரில் அவர் உயிர் நீத்த செய்தி வந்தபோது ஊர் எப்படி இருந்தது என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இவையெல்லாம் ஜனவரி முடிவதற்குள் செலவாகிவிட்டன. பெருமை வாய்ந்த இடங்கள் எந்த ஊரிலும் ஒரு மாதத்துக்குக் காணாது. மிச்சம் பதினோரு மாதத்துக்கும் வத்தல் கிட்டங்கியும், பருப்பு மூட்டையும், கரி எஞ்சின் இழுக்கும் தென்காசி பாசஞ்சரும்தான் துணை. சிவகாசிக்கு நான் வேலைக்குப் போகிற அந்த ரயிலில் ஆமத்தூரைத் தாண்டித் திருத்தங்கல் மலையும் அதன் மேல் பெருமாள் கோயிலும் தெரிகிற வரையில், கரிசல் காடு காலை வெயிலில் ஒரே கறுப்பாகக் கிடக்கும். கிளிக் காமிராவுக்கு அது ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை. அந்தப் படத்தை வெவ்வேறு மாதங்களில் எடுத்திருக்கிறேன். பருத்தி வெடித்த தையில் மட்டும் அந்தக் கறுப்பில் புள்ளிகள் இருக்கின்றன.

மார்ச் 15, வெள்ளிக்கிழமை, ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்துக் காமராஜர் மாவட்டம் உண்டாயிற்று, விருதுநகர் தலைநகரமாயிற்று. அன்றைய தாளில் ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று இருக்கிறதே தவிர, இந்தச் செய்தி இல்லை. முந்திய ஐப்பசியில் நான் திருத்திய தாளில் அது எப்படி இருக்கும்? சில வாரங்கள் கழித்து, கூட்டுறவுக் கடை ஒன்றின் பலகையில் ‘இராமநாதபுரம்’ என்பதில் பாதியை வெள்ளையடித்துவிட்டு, பீடி பற்றவைக்க ஏணியிலிருந்து இறங்கிய பெயிண்டரை நான் எடுத்தேன். பலகையில் ‘புரம்’ மட்டும் இருக்கிறது. அந்த வருஷத்துப் படங்களில் தற்செயலாக நன்றாக அமைந்தது அது ஒன்று.

படம் எடுக்க ஒரு க்ஷணம் போதும்; எழுதத்தான் அவகாசம் வேண்டும். ஆரம்பத்தில் கோடு போட்ட நோட்டில், சாத்தூர் நிப்பு மாட்டிய பேனாவால், முழுப் பக்கம் எழுதுவது என்ற நியமத்தை நான் விடவில்லை. சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, விளக்கடியில் உட்காரும்போது மணி ஒன்பதாகிவிடும். அந்த ஒன்பது மணிக்குத்தான் பையனுக்கு வகுத்தல் கணக்கு வராது. சின்னவளுக்குக் கதை வேண்டும். என் தாயாருக்கு வானொலியில் சொன்ன மார்க்கெட் நிலவரத்தில் மல்லி என்ன விலை என்று தெரிய வேண்டும், மல்லி வியாபாரம் எங்கள் வீட்டை விட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகியும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். விருதுநகரில் முனிசிபல் குழாயில் நாள் விட்டு நாள் அல்ல, பல நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். அதுவும் ஊர் தூங்கும் நேரத்தில் வரும். குழாய் முதலில் சீறும், பிறகு துப்பும், பிறகுதான் ஒழுகும். அந்தச் சீறல் சப்தம் கேட்டதும் தெருவே எழுந்து அண்டாவும் குடமும் உருட்டும்போது, நான் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று யார் காத்திருப்பார்கள்?

“என்னங்க, எழுத்து எங்கயும் ஓடிப் போயிராது. தண்ணி போயிரும்.”

பாதியில் நின்ற வாக்கியங்கள் அந்த நோட்டில் ஏராளம். சிலவற்றை மறுநாள் முடித்திருக்கிறேன். மறுநாள் முடித்த வாக்கியம் வேறொருவன் எழுதியதுபோல இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை துபாஷி உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு 1736 முதல் இருபத்தைந்து ஆண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினாரே என்று நான் ஆச்சரியப்பட்டுச் சொன்னபோது, “அவர் வீட்ல தண்ணி எடுக்க ஆள் இருந்திருக்கும்” என்று பதில் வந்தது. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் இதை மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏ. கே. செட்டியாரைப் பற்றியும் பேச்சு வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்று, காந்தியடிகளைப் பற்றிய சினிமாப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து, 1943 இல் ‘குமரி மலர்’ ஆரம்பித்துத் தாமே நடத்திய மனிதர் அவர். அவர் காலமாகி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காமிராவும் பேனாவும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு என் மனத்தில் இருந்த திருஷ்டாந்தம் அவர்தான். ஆனால் அவர் போய்ப் பார்த்தது உலகம். நான் போய்ப் பார்த்தது பதினாறு மைல்.

முடிவில், தேதித் தாளே வழி காட்டிற்று. பின்புறத்தில் படம் ஒட்டியது போக மிஞ்சுகிற ஓரம் எவ்வளவோ, அவ்வளவே எழுத்து என்று ஏப்ரலில் வைத்துக்கொண்டேன். நான்கு வரி, மிஞ்சினால் ஐந்து. ஒரு நாளைக்குரிய திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ஒரு பொன்மொழி இவ்வளவையும் உள்ளங்கை அகலத்தில் அடக்கத் தெரிந்த ஊரில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. பங்குனிப் பொங்கலில் பராசக்தி மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுத்து வரும் கூட்டத்தை, சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் எடுத்த படத்தின் ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சட்டி மூன்று. அனல் காமிராவில் விழாது. பாப்பா என் தலைமயிரைப் பிடித்திருந்தாள். பொருட்காட்சியில் ராட்டினம், டெல்லி அப்பளம்.’ முழுப் பக்கம் எழுதியிருந்தால் ‘பக்தி வெள்ளம்’ என்று ஆரம்பித்திருப்பேன்.

நான்கு வரிக்கு அடங்காதவை இரண்டு.

பட்டாசு ஆலைக் கதவுக்குள் காமிராவுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆகையால் நான் எடுத்ததெல்லாம் கதவுக்கு வெளியே. மத்தாப்புக் கம்பிக்கும் புஸ்வாணத்துக்கும் வெள்ளை ஒளி தருவது அலுமினியப் பொடி. பச்சைக்குப் பேரியம் உப்பு, சிவப்புக்கு ஸ்டிரான்ஷியம். இவற்றுள் உப்புக்கள் கழுவினால் போய்விடும், அலுமினியம் போகாது. நகக்கண்ணிலும், ரேகையிலும், கன்னத்து மயிரிலும் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் திருத்தங்கல் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் மருந்து அறைக்காரர்கள் உருக்கி வார்த்த வெள்ளி விக்கிரகங்களாகத் தோன்றுவார்கள். ஒரு பெரியவர் வடையைத் தின்னும்போது, கையால் தொடாமல் காகிதத்தோடு பிடித்து உதட்டால் மட்டும் கவ்வித் தின்றார். எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுங்க தம்பி, கை நல்லா பளபளன்னு விழும்” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தக் கைகள் சட்டையைவிட வெளுப்பாக, ரேகைகள் மட்டும் கறுப்பாக விழுந்திருக்கின்றன. எந்த விரலில் எத்தனை வெட்டு என்று எண்ணலாம்.

மற்றொன்று சாத்தூருக்குக் கிழக்கே என் தமக்கை வாழ்க்கைப்பட்ட கிராமத்தில். விடிவதற்கு வெகு முன்னால், தீப்பெட்டிக் கம்பெனி பஸ் ஊர்க் கோடியில் வந்து ஹாரன் அடித்தது. ஏஜெண்டு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, தூக்குச் சட்டியோடு பிள்ளைகள் வந்து ஏறினார்கள். கட்டை அடுக்கப் போகிற பிள்ளைகள். என் பையன் வயசு. சிலர் தூக்கத்திலேயே நடந்தார்கள். நான் காமிராவை எடுத்து அமுக்கினேன். அந்த இருட்டில் அதில் ஒன்றும் விழாது என்று தெரிந்தே அமுக்கினேன். ஸ்டூடியோ அண்ணாச்சி நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, “இதுல ஒண்ணும் இல்லையே, பிரிண்டு போட்டு எதுக்குக் காசு?” என்றார். போடச் சொன்னேன். முழுக் கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. அதை ஒட்டிய தாளில் மட்டும் எழுத்து ஓரத்தோடு நிற்காமல் இன்னொரு தாளுக்கும் போயிருக்கிறது: எத்தனை பேர் ஏறினார்கள், ஏஜெண்டு என்ன பெயர்களைக் கூப்பிட்டார், யார் செருப்பில்லாமல் வந்தது, அடுக்குகிற கட்டைக்கு என்ன கூலி. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் மறு வருஷம், 1986 இல் வந்தது, எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்புக் கூறியது 1996 இல். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் அதற்குள் பெரியவர்களாகியிருப்பார்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டால் அச்சகத்தில் இரவு பகல் பேதம் கிடையாது. தீபாவளிக்குப் பட்டாசு போய்ச் சேரவேண்டும், அதன் பெட்டிகளுக்கு லேபிள் போகவேண்டும், ஜனவரிக்குக் காலண்டர் போகவேண்டும். மூன்றும் ஒரே மெஷினுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். கடைசி பஸ்ஸில் வந்து முதல் ரயிலில் போகிறவனுக்குக் கிளிக் காமிராவுக்கு வேண்டிய சூரியன் எங்கே கிடைக்கும்? விரதம் முறிந்துவிடும் என்று நான் நொந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலை, என் மனைவி காமிராவைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, “வெயிலுக்கு இந்தப் பக்கம், மேகத்துக்கு அந்தப் பக்கம். அம்புட்டுத்தானே? நான் பாத்துக்கிறேன், போய்ட்டு வாங்க” என்றாள்.

அவள் எடுத்த படங்களெல்லாம் பகல் பதினொரு மணிக்கு எடுத்தவை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், உலை இறங்கி, துணி காயப் போட்ட பிறகு கிடைக்கிற நேரம் அதுதான். விருதுநகரில் என் தெருவின் பதினொரு மணியை, ஞாயிற்றுக்கிழமை தவிர, நான் கண்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி என்பது வேறு ஜாதி. கிட்டங்கி வாசல் நிழலில் முக்காட்டை மூக்கோடு கட்டிக்கொண்டு வற்றலில் காம்பு கிள்ளும் பெண்கள், நெடி தாங்காமல் தும்முகிற வாயோடு ஒருத்தி. திண்ணையில் எண்ணெய் வாணியருடன் பாக்கிக்கு வாதாடும் என் தாயார், ஒரு விரலை உயர்த்தி, வாயைத் திறந்து. சாத்தூர் வெள்ளரிக் கூடை. மொட்டை மாடியில் காய்கிற என்னுடைய வேட்டிக்கு அப்பால் ஒரு சிமினி. என் தாயார் அவ்வளவு உரக்கப் பேசக்கூடியவர் என்பது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். நான் இருக்கும்போது வீட்டில் அவர் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். தலை தட்டிப்போன படங்கள் உண்டு, சாய்ந்த படங்கள் உண்டு. தெருவில் யாரும் அவளைக் கண்டு போஸ் கொடுத்ததில்லை. காமிராவோடு நான் நின்றால் ஊரே பொத்தான் போட்டுக்கொள்ளும்.

ஓரத்து நான்கு வரியும் அவள் கையெழுத்துக்கு மாறிற்று. அதில் வருணனை இல்லை. ‘பால் ஒன்றரை. அத்தைக்கு முட்டுவலி, தைலம் போட்டது. எண்ணெய்க்காரருக்குப் பாக்கி ஏழு. தண்ணி வரலை.’ பக்கத்தில் முட்டு வலிக்கிற அத்தை கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். சென்ற ஆண்டு இந்தத் தாள்களைப் பார்க்க வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, என் வரிகளை மரியாதையாகப் புரட்டிவிட்டு, அந்தப் பால் கணக்கையும் எண்ணெய்க் கணக்கையும் காம்பு கிள்ளிய கூலியையும்தான் தன் நோட்டில் பிரதி செய்துகொண்டு போனாள்.

நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்றொருவர் 1979 மார்ச் 31 முதல் நாள்தோறும் ஒரு போலராய்டு படம் எடுத்துவந்தார் என்றும், தம் நாற்பத்தோராவது பிறந்த நாளான 1997 அக்டோபர் 25 அன்று நோயினால் இறக்கும் வரையில் அதை நிறுத்தவில்லை என்றும் நான் வெகு காலம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். அவரிடம் சிநேகிதர்கள் காமிராவை வாங்கி அவரையே எடுத்த படங்கள் பல இருக்கின்றனவாம். அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அவர் நாலு பேர்ட்ட கொடுத்திருக்காரு” என்று சொன்னாள்; வேறொன்றும் சொல்லவில்லை.

1986 ஜனவரி முதல் தேதி, அச்சக வேலை ஓய்ந்து, பூஜை முடிந்து, அலமாரியைத் திறந்து காமிராவைக் கேட்டேன். அவள் அதன் முதுகைத் திருப்பிச் சிவப்புக் கண்ணாடியில் எண்ணைப் பார்த்தாள்.

“இன்னும் நாலு பாக்கி இருக்குங்க. இந்த ரோல் முடியட்டும், தாரேன்.”

அந்தச் சுருளை முடிக்க அவளுக்குப் பொங்கல் ஆயிற்று. அதற்குள் அடுத்த சுருளை அவளே வாங்கி வைத்திருந்தாள்.